டனலுக்குள் ரிக் மாட்டலாமா? மூன்று வழிகள், ஓர் அலசல்

ஏ.எஃப்.எஃப். (ஸ்கைடைவிங்கின் தொடக்கப் பயிற்சி) படிப்பவர்களும் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களும் விண்ட் டனலுக்கு (கீழிருந்து மேலே வீசும் காற்றில் மிதந்து பழகும் குழாய்) போனதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. விமானத்திலிருந்து குதிக்கும்போது முதுகில் சுமார் பத்து கிலோ பாராசூட் பை, அதாவது ரிக், இருக்கிறது. இங்கே மட்டும் ஏன் வெறும் சூட்டோடு பறக்கச் சொல்கிறார்கள்? நியாயமான கேள்விதான். மூன்று வழிகள் இருக்கின்றன: சூட்டும் ஹெல்மெட்டும் மட்டும், பாராசூட் இல்லாத பயிற்சி ரிக், சொந்த நிஜ ரிக். கடைசியிலிருந்தே தொடங்குகிறேன். சண்டை முழுக்க அதைப் பற்றித்தான்.

நிஜ ரிக் வேண்டும் என்பவர்களின் வாதம் எளிது: எப்படிக் குதிக்கிறோமோ அப்படியே பழக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிக்கின் அடிப்பகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். இடுப்புக்குக் கீழே ஒரு ஸ்பாண்டெக்ஸ் பை, அதற்குள் மடித்துச் செருகிய பைலட் சூட் (பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்), வெளியே துருத்திக்கொண்டு ஒரு கைப்பிடி. டனலில் நீங்கள் சுவரில் உரசுவீர்கள், கதவு விளிம்பில் முட்டுவீர்கள், பயிற்றுநர் உங்களைப் பிடித்து இழுப்பார். அந்தக் கைப்பிடி எங்காவது மாட்டிக்கொள்ள ஒரு நொடி போதும்.

மாட்டினால் என்ன ஆகும்? மணிக்கு 180 கி.மீ. காற்று என்பது நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் 75 செ.மீ. விட்டமுள்ள பைலட் சூட் காற்றைப் பிடித்தால், தோராயக் கணக்கில் 40 முதல் 50 கிலோ எடையைத் தூக்கும் விசை கிடைக்கும். பையை மூடியிருக்கும் பின்னை (ஊசியை) உருவி, பாராசூட்டை வெளியே இழுக்க அது தாராளம். வானத்தில் பாராசூட் விரிந்ததும் உங்கள் வேகம் குறையும், அதோடு காற்றின் வேகமும் அடங்கிவிடும். டனலில் காற்று அடங்காது, மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர் சென்டோசாவில் 2011-இல் திறந்த ஐஃபிளை டனலின் அகலம் 16.5 அடி, உயரம் 56.5 அடி. அவ்வளவு ஒடுக்கமான குழாய்க்குள் துணியும் கயிறுகளும் ஆளுமாக மேலே போவதை நினைத்துப் பாருங்கள். ஐஃபிளை வகை டனல்களில் விசிறிகள் இருப்பதும் மேல்பக்கம்தான். சரி, ஆபரேட்டர் காற்றை நிறுத்திவிட்டால்? மேலே போன ஆள் கீழே இருக்கும் வலையில் விழுவார். எனக்கு இதுவே மோசமான பகுதியாகப் படுகிறது: ஓட விட்டாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து.

எதுவுமே விரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உரசலில் ஸ்பாண்டெக்ஸ் தளரும், பின்னை மூடும் மடல் தேயும். அதே ரிக்கோடு அடுத்த வாரம் நீங்கள் குதிக்கப் போகிறீர்கள். ரிசர்வ் (அவசர மாற்றுப் பாராசூட்) கைப்பிடி இழுபட்டுவிட்டால், பாராசூட் மடிக்கும் நிபுணரான ரிக்கரிடம் கொடுத்துத் திரும்ப மடிக்க வேண்டும். அதற்கான செலவு தனி. பெரும்பாலான வணிக டனல்கள் நிஜ ரிக்கை உள்ளே விடாததில் எனக்கு வியப்பில்லை. யாராவது விட்டாலும் மாட்டாதீர்கள்.

அடுத்தது பயிற்சி ரிக். உள்ளே பாராசூட்டுக்குப் பதில் நுரையோ துணியோ வைத்து, மூடி மடல்களைத் தைத்துவிட்டிருப்பார்கள். பைலட் சூட் இருக்காது. கைப்பிடிகளைக் கழற்றியிருப்பார்கள் அல்லது எதையும் இழுக்காதபடி தைத்திருப்பார்கள். வாங்கி மாட்டும் முன் உங்கள் கையாலேயே ஒவ்வொரு மடலையும் இழுத்துப் பாருங்கள். "போன வாரம் சரியாக இருந்தது" என்ற பேச்சு வேண்டாம். மார்புப் பட்டை, கால் பட்டைகளின் தொங்கும் நுனிகளைச் சுருட்டிச் செருகுங்கள். அந்தக் காற்றில் படபடக்கும் பட்டை நுனி முகத்தில் பட்டால் சாட்டையடிதான்.

இதில் கிடைக்கும் லாபம் உண்மையானது. 70 கிலோ ஆள் 10 கிலோ ரிக் மாட்டினால், 180 கி.மீ. வேகத்தில் மிதந்தவருக்கு இப்போது சுமார் 192 தேவைப்படும். முதுகில் ஏறிய எடை உடலின் சமநிலையையும் மாற்றும். ராணுவத்தில் இது இன்னும் முக்கியம். முதுகுப்பை, ஆயுதம், ஆக்சிஜன் எல்லாம் கட்டிக்கொண்டு குதிப்பவர்களுக்கு அந்தச் சுமையோடு டனலில் பழகுவதில் அர்த்தம் இருக்கிறது. இந்திய ராணுவமும் 2024-இல் இமாச்சலத்தின் பக்லோவில் தன் முதல் செங்குத்து விண்ட் டனலைத் தொடங்கியிருக்கிறது. விளையாட்டாகக் குதிப்பவருக்கோ பயிற்சி ரிக் அபூர்வமாகத்தான் தேவைப்படும். போதாக்குறைக்கு, உலோக வளையங்களும் கொக்கிகளும் உங்களைப் பிடிக்க வரும் பயிற்றுநரின் முகத்துக்கு நேராக இருக்கும்.

மிச்சமிருப்பது வெறும் சூட். என் ஓட்டு இதற்குத்தான். டனல் சொல்லிக்கொடுப்பது உடம்பை: இடுப்பை வளைப்பது, கால்களை நீட்டுவது, திரும்பி நிற்பது. கைப்பிடியைத் தொட்டுப் பழகக்கூட ரிக் வேண்டியதில்லை. வலது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோகும்போது இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவர மறந்தால் உடம்பு உடனே சாய்ந்து திரும்பும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கே தெரிந்துவிடும். கைப்பிடியின் சரியான இடத்தையும் இழுக்கும் விசையையும் தரையில், தொங்கும் ஹார்னஸில் (உடலைத் தாங்கும் பட்டைகளில்) பழகிக்கொள்ளலாம். எடைதான் பிரச்சினை என்றால் எடை பெல்ட் இருக்கிறது. அதைச் சூட்டுக்கு உள்ளே கட்டுங்கள், வெளியே வேண்டாம்.

சூட்டிலும் ஒரு தேர்வு இருக்கிறது. டனலுக்கென்று தைத்தது உடம்போடு ஒட்டியிருக்கும், முட்டியில் தடித்த துணி இருக்கும். ‘பூட்டி’ (ஷூவை மூடும் துணி) சேர்த்துத் தைத்த ஜம்ப்சூட் கால்களுக்குக் கூடுதல் விசை தரும். அதனால் புதியவர்கள் முன்னோக்கிப் பாய்ந்து சுவரில் முட்டுவார்கள். முதல் சில மணி நேரத்துக்கு டனலிலேயே தரும் சூட் போதும். தொளதொள சூட்டோடு வானத்துக்குப் போகிறவர்கள், துணி கைப்பிடியை மூடுகிறதா என்று ரிக் மாட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஹெல்மெட்டில் பெரிய விவாதம் இல்லை. முழு முக ஹெல்மெட் வாயையும் மூக்கையும் சுவரிலிருந்து காப்பாற்றும், கண்ணுக்குத் தனிக் கண்ணாடி வேண்டாம். திறந்த முக ஹெல்மெட் என்றால் கண்ணாடியின் பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். காதுக்கு நுரை அடைப்பான் இரண்டிலுமே வேண்டும். கயிறு கட்டும் ஷூவாக இருந்தால் முடிச்சைச் சூட்டுக்குள் செருகுங்கள். சங்கிலி, மோதிரம், வாட்ச், சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை எல்லாம் லாக்கரில் இருக்கட்டும். முன்பு ஒருமுறை தோள்பட்டை விலகியவர்கள் எந்த உடையைப் பற்றி யோசிக்கும் முன்பும் அதைப் பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும். இந்தக் காற்றில் நீட்டிய கை மறுபடி விலகுவது எளிது.