ஆங்கிள் காக்: பித்தளையா, பிளாஸ்டிக்கா, பழசையே சரிசெய்வதா?

வீட்டில் விருந்தாளிகள் இருந்த ஒரு காலையில் ஃப்ளஷ் டேங்க்கின் மிதவை உடைந்து, தண்ணீர் நிற்காமல் கோப்பைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சரி, கீழே சுவரில் இருக்கும், டேங்க்குக்குப் போகும் தண்ணீரை அடைக்கிற ஆங்கிள் காக்கை மூடிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று கை வைத்தால் அது அசையவே இல்லை. துணியைச் சுற்றி அழுத்தித் திருகியதும் நாலு சுற்று சுற்றி நின்றது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை; போதாக்குறைக்குக் கைப்பிடியின் கழுத்திலிருந்து சொட்டவும் ஆரம்பித்துவிட்டது. மொட்டை மாடிக்கு ஓடி கேட் வால்வை மூடினேன். எட்டுப் பேருக்கு அன்று மதியம் வரை குளியல் கிடையாது.

அதற்கப்புறம் இரண்டு பாத்ரூமிலுமாகச் சேர்த்து மூன்று வழியையும் பார்த்தாகிவிட்டது: பழைய காக்கின் உள்பாகத்தை மட்டும் சரிசெய்வது, பிளாஸ்டிக் காக், கால் சுற்றிலேயே மூடும் குவார்ட்டர் டர்ன் பித்தளை காக். என் ஓட்டு கடைசிக்குத்தான். ஆனால் அதற்குக் காரணம் கடையில் சொல்கிற பளபளப்போ வாரண்டியோ இல்லை.

கடைக்குக் கிளம்பும் முன் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுங்கள். காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து, டேங்க்கின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் காக் சரியாக மூடவில்லை. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் காக்கின் மேல் தப்பில்லை, மிதவையைப் பாருங்கள். வெளியே சொட்டுகிறது என்றால் டிஷ்யூ காகிதத்தை மூன்று இடத்தில் ஒற்றிப் பாருங்கள்: கைப்பிடியின் கழுத்து, ஹோஸ் மாட்டியிருக்கும் நட், சுவரோரம். பழைய மாடலில் கழுத்தில் ஈரம் என்றால் அங்கிருக்கும் நட்டை ஸ்பானரால் கால் சுற்று இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். ஹோஸ் நட்டில் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். சுவரோரத்தில் என்றால்தான் காக்கையே கழற்ற வேண்டிவரும்.

முதலில் நான் செய்தது சிக்கனமான வழி. கைப்பிடியைக் கழற்றி, அதோடு சேர்ந்து உள்ளே சுற்றும் தண்டான ஸ்பிண்டிலை வெளியே எடுத்தேன். திருநீறு பூசியது போல மரை முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் வீடு கோவையில், சமையலறைக்கு மட்டும்தான் சிறுவாணித் தண்ணீர், பாத்ரூமுக்கு எல்லாம் போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் என்று சொல்கிறோமே தவிர, படிவது நாம் சோற்றில் போடும் உப்பு இல்லை, சுண்ணாம்பு. அதனால்தான் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் நுரைத்துக்கொண்டு கரைகிறது. ஊறப்போட்டேன், சில்லறைக் காசுக்குப் புது வாஷர் வாங்கி மாட்டினேன், நின்றது. நாலு மாதம் கழித்து மறுபடி கசிவு. வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பே அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது, அதன் மேல் எத்தனை வாஷர் மாற்றினாலும் நிற்காது. வாடகை வீடு, இன்னும் ஒரு வருஷத்தில் காலி செய்யப் போகிறோம் என்றால் இது போதும்.

பிளாஸ்டிக்கைக் கடையில் பிடிஎம்டி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல பித்தளை விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. துருப்பிடிக்காது, உப்புத் தண்ணீருக்கு ஏற்றது என்பார்கள், அது பொய்யும் இல்லை. எங்கள் பின்பக்கப் பாத்ரூமில் இருந்தது பிடிஎம்டிதான், ஏழு வருஷம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதை நான் குறை சொல்லவே மாட்டேன், கழற்றப் போன அந்த நாள் மட்டும் வந்திருக்காவிட்டால்.

கைப்பிடி வழுக்க ஆரம்பித்ததால் மாற்றலாம் என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் ரேஞ்சை வைத்து ஒரு திருகு திருகியதும் காக் கையோடு வந்தது, மரை மட்டும் சுவருக்குள் இருக்கும் எல்போவிலேயே (குழாய் முனையின் வளைவுத் துண்டு) தங்கிவிட்டது. பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கேட்டு வாங்கி, கேஸ் அடுப்பில் காய்ச்சி, உடைந்த துண்டுக்குள் குத்தி, அது ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். "அண்ணா, உள்ள இருக்கிற எல்போ தாங்குமா?" என்று கேட்டேன். "தாங்குச்சுன்னா நம்ம நல்ல நேரமுங்க" என்றார். மெதுவாகத் திருகினார், வந்துவிட்டது. அந்த ஐந்து நிமிஷத்தில்தான் நான் முடிவு செய்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீடு 2011-இல் கட்டியது, சுவருக்குள் ஓடுவது சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் குழாய். காக் திருகி ஏறுவது அந்தக் குழாயின் முனையில் இருக்கும் எல்போவில், பிளாஸ்டிக் உடம்புக்குள் அரை அங்குலப் பித்தளை மரை பதித்தது. காக்கைச் சுவரிலிருந்து கழற்றும் ஒவ்வொரு தடவையும் பலம் முழுக்க அந்த எல்போவில்தான் இறங்குகிறது. அது உள்ளே விரிசல் விட்டாலோ மரை தனியாகச் சுற்றிக்கொண்டாலோ டைல்ஸை உடைத்தாக வேண்டும், அந்த டிசைன் இன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே எந்தக் காக் அதிக நாள் உழைக்கும் என்பதைவிட, பழுதானால் சுவரைத் தொடாமல் முன்பக்கமாகவே சரிசெய்ய முடியுமா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். எங்கள் பிடிஎம்டியில் உள்பாகம் பழுதானால் முழுசாகத் தூக்கிப் போடுவதுதான் வழி, தனியாக ஸ்பிண்டில் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். பித்தளையில் உடம்பு சுவரிலேயே இருக்கும், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம்.

குவார்ட்டர் டர்னில் உள்ளே ரப்பர் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் தட்டுகள். ஒன்று நிலையாக நிற்க, இன்னொன்று 90 டிகிரி திரும்பி ஓட்டையை மூடுகிறது. அழுத்தி இறுக்க வேண்டியதில்லை என்பதால் தேய்மானம் குறைவு, கைப்பிடி நிற்கும் கோணத்தைப் பார்த்தே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நான் வாங்கியது 520 ரூபாய். கூடவே அதே மாடலுக்கான ஸ்பிண்டில் ஒன்று 140 ரூபாய்க்கு. இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பழைய மாடல் வாஷர் எந்த முக்குக் கடையிலும் கிடைக்கும், ஆனால் இந்த ஸ்பிண்டில் கம்பெனிக்குக் கம்பெனி பல்லும் நீளமும் மாறுகிறது. நாலு வருஷம் கழித்துப் போய் நின்றால் மாடலே வழக்கொழிந்திருக்கலாம், அப்போது பித்தளை வாங்கியதன் அர்த்தமே போய்விடும். ஸ்பிண்டில் தனியாகக் கிடைக்காத மாடலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கையில் தூக்கிப் பார்த்து எடையும் பாருங்கள். குரோம் பூச்சுக்குள் பித்தளைக்குப் பதில் துத்தநாகக் கலவையும் வருகிறது, லேசாக இருக்கும், வருஷங்கள் கழித்து அதுவும் பிளாஸ்டிக்கைப் போலவே மரையோடு முறியும்.

மாட்டும்போது இரண்டு விஷயம். டெஃப்லான் டேப்பை மரையை உங்களைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். காக்கின் வாய் மேலே பார்த்து நிற்க வேண்டும், கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பி நேராக்காதீர்கள், அங்கேயே கசியும். முழுக்கக் கழற்றிப் புது டேப் சுற்றுவதுதான் வழி. இன்னொன்று, காக்கைத் திருகும் முன்பே சுவரோரம் ஒரு வாளியைப் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். எங்கள் குழாயிலிருந்து ஒரு ஸ்பூன் மணலும் சுண்ணாம்புச் சில்லும் வந்தன, அவை செராமிக் தட்டுக்குள் போனால் கீறல்தான்.

இதற்கும் குறை உண்டு. உப்புத் தண்ணீரில் தொடாமலேயே விட்டால் செராமிக் தட்டுகளும் இறுகும். நான் மாதத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் கழுவும் நாளில் மூடித் திறக்கிறேன், கால் சுற்றுதானே, சோம்பேறித்தனம் வருவதில்லை. என் அனுபவமும் இரண்டு வருஷம்தான், பத்தாவது வருஷம் எப்படி இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வாங்கி வைத்த ஸ்பிண்டில் இன்னும் கவரைப் பிரிக்காமல் டூல்ஸ் டப்பாவில் கிடக்கிறது. நல்ல தண்ணீர் மட்டுமே வருகிற வீடு என்றால் மூன்றில் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஹோஸையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸின் வாஷர் கல்லாகி, புதுக் காக்கில் உட்காராமல் சொட்டியது. போகும்போது 18 அங்குலமா 24 அங்குலமா என்று நூல் பிடித்து அளந்துகொண்டு போங்கள், நான் குத்துமதிப்பாக 18 வாங்கி வந்து, நாலு விரல்கடை எட்டாமல், ஈரக் கையோடு இரண்டாம் தடவை கடைக்குப் போனேன்.