நாலு அறை, இரண்டு பேர்: பூட்டி வைப்பதா, ஒத்திக்கு விடுவதா, விற்பதா?

பாளையங்கோட்டை மகாராஜ நகரில் என் அத்தை வீட்டில் நாலு படுக்கையறை. இருப்பதோ அத்தையும் மாமாவும்தான். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், ஷார்ஜா என்று போய்விட்டார்கள். கீழே ஓர் அறை புழக்கத்தில் இருக்கிறது. கீழே இன்னொன்றும் மாடியில் இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன. பெருமாள்புரம், தியாகராஜ நகர் பக்கமும் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய.

அப்படியே வைத்திருக்கலாம் என்பது அத்தையின் கட்சி. "பிள்ளைய வந்தா எங்க படுக்கும்?" ஆனித் தேருக்கும் கோடை லீவுக்கும் பேரப்பிள்ளைகள் வந்து வீடு நிறையும் அந்தப் பத்து நாளுக்காகத்தான் அவர் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தவிர, 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மாடி இருந்தவர்கள் மேலே ஏறிக்கொண்டார்கள். ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவர்கள் மாடி அறையை வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் பூட்டிய அறை கெட்டுப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறுகிறது, அலமாரியில் கரையான் பிடிக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி. மாடியைக் கூட்டிப் பெருக்கி நாலு மாதம் ஆகிறது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுவரி அதேதான்.

விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள பிளாட்டுக்குப் போகலாம் என்கிறான் பெரியவன். படி ஏற முடியாதவர்களுக்கு அது நல்ல வழிதான். விற்ற லாபத்தைக் கொண்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் லாப வரியிலும் சலுகை உண்டு. ஆனால் முப்பது வருஷமாகப் பழகிய பால்காரர், பக்கத்து வீட்டு மதினி, புறவாசல் முருங்கை எல்லாவற்றையும் எழுபது வயதில் விட்டுப் போவது லேசு இல்லை. மாமா இதைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆகவே நிஜமான போட்டி, மாடியை ஒத்திக்கு விடுவதா, வாடகைக்கு விடுவதா என்பதுதான்.

ஒத்தியில் மாதாமாதம் வாடகை கேட்டு நிற்க வேண்டாம். மொத்தப் பணம் கைக்கு வரும், கெடு முடிந்ததும் அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு 10,250 ரூபாய், அதாவது மாதம் சுமார் 3,400. அந்தக் கணக்குக்கோ தவணை ஐந்து வருஷம். ஒத்தி இரண்டு, மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். இடையில் எடுத்தால் அசலில் பிடித்தம் உண்டு. இதைவிட எனக்குப் பயம் வேறு. அந்தப் பணம் பிள்ளையின் வீட்டுக் கடனுக்கோ கல்யாணச் செலவுக்கோ போய்விடும். கெடு முடிந்து ஒத்திக்காரர் வாசலில் நிற்கும்போது வயதானவர்கள் கடனுக்கு அலைய வேண்டும்.

வாடகையில் வரும் பணம் முழுக்க அவர்களுடையது. வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துவிட்டுத்தான் வரி போடுவார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்சுகள், கல்லூரி ஆசிரியர்கள் என்று குடிவர ஆளுக்குப் பஞ்சமில்லை. சிக்கலும் உண்டு. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும், அதிலேயே மனக்கசப்பு வரும். தனி மீட்டரும் வெளிப்படியும் இல்லாமல் விடவே கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம், ராத்திரி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு குடும்பம் இருப்பது. போன வருஷம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அத்தை தெருவில் நின்று கத்த வேண்டியிருந்தது. டவுனில் வளவு வீட்டில் வளர்ந்தவர் அவர். ஒரே வாசலுக்குள் ஐந்தாறு குடும்பம் இருந்ததை இன்றும் ஆசையாகச் சொல்வார்.

கடைசியில் அதைச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். மாடி வாடகைக்கு, கீழே இன்னோர் அறை பிள்ளைகளுக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் பட்டாசாலில் பாய் விரிக்கலாம். மீட்டருக்கு மனு கொடுத்தாயிற்று. மாடி அலமாரியில் கிடக்கும் பள்ளிக்கூடப் புத்தகங்களை என்ன செய்வது என்று மட்டும் மூன்று பிள்ளைகளும் வந்து சொல்ல வேண்டும்.