மேகத்துக்குள் நுழைவதா, திரும்புவதா?

ஆனி, ஆடியில் மேகம் மூடிப் பொதிகை மலை மறைந்தால் நமக்குக் கொண்டாட்டம். குற்றாலத்தில் சாரல் என்று அர்த்தம். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து மேற்கே, கண்ணை மட்டும் நம்பிச் சிறு விமானம் ஓட்டி வருபவருக்கோ, அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் அகத்தியர் மலையில் 1,868 மீட்டரைத் தொடும் மலைத்தொடர் நிற்கிறது.

'செங்கோட்டைக் கணவாய் இதோ, ஐந்தே நிமிடம்' என்று நுழைவது ஒரு வழி. அடிவானம் மறைந்ததும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். இறக்கை சாய்ந்து வட்டமிடும்போதும் நேராகப் போவதாகவே உடல் சாதிக்கும். 1954இல் இலினாய் பல்கலைக்கழக ஆய்வில், கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேர் சோதிக்கப்பட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை!

மற்றது, திரும்புவது. விநாடிக்கு 3 டிகிரி வீதம் ஒரே நிமிடத்தில் வந்த திசையைப் பிடிக்கலாம். ஆனால் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் அதற்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் அகலம் வேண்டும். பள்ளத்தாக்குக்குள் போய்விட்டால் அதை யார் தருவார்? தென்காசிக் கோபுரம் தெளிவாகத் தெரியும்போதே திரும்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. எரிபொருள் வீண்தான், உடன் வந்தவர் முணுமுணுப்பார்தான். முணுமுணுக்கட்டும். தென்காசிக்குப் பஸ் இருக்கிறது.