மணவறையில் ஒரு கதிரை குறைவு: வெள்ளவத்தையின் ‘சாமத்திய வீட்டு பெக்கேஜ்’

கொழும்பு வெள்ளவத்தையில் கல்யாண மேடை கட்டுகிறவர்களிடம் போய்ச் ‘சாமத்திய வீடு’, அதாவது பிள்ளை பெரியபிள்ளையான விழா, என்று சொன்னால் மேசைக்கு இரண்டாவது அல்பம் வரும். முதல் அல்பத்தில் கண்ட அதே தூண், அதே பூ வளைவு, அதே பிள்ளையார். நடுவில் இருந்த இரண்டு கதிரையில் ஒன்றை எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். இந்தச் சேவையின் நல்லதும் கெட்டதும் அந்த ஒற்றைக் கதிரையில்தான் தொடங்குகின்றன.

பெக்கேஜுக்குள் பொதுவாக வருபவை மேடை, வாசல் அலங்காரம், நிறைகுடம், குத்துவிளக்கு, ஆராத்தித் தட்டுகள், பிள்ளைக்கு மேக்கப், தலை அலங்காரம், சேலை கட்டல், போட்டோ, வீடியோ, ஓர் அல்பம். சிலர் சாப்பாட்டையும் ஐயரையும்கூடச் சேர்த்துத் தருகிறார்கள். சிங்கள வீடுகளிலும் சுபவேளை பார்த்து நீராட்டும் வழக்கம் இருப்பதால் அதே கடையில் ‘பிக் கேர்ள் பார்ட்டி’ என்றும் கேட்கலாம். விலையை இங்கே எழுதவில்லை. பூ விலையோடு அது ஏறி இறங்கும்; ஓகஸ்ட்டிலும் டிசம்பரிலும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கும்போது ஏற மட்டும் செய்யும். கடைப் பெயரும் சொல்லவில்லை. பத்துக் கடையின் பெக்கேஜும் ஒரே அச்சு.

சடங்கு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பெக்கேஜ் எதைத் தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்று விளங்கும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஆளை மாற்றும் சடங்குகளுக்கு மூன்று கட்டம் உண்டு என்று மானிடவியலாளர் ஆர்னோல்ட் வான் ஜென்னெப் 1909இல் எழுதினார்: பிரித்தல், இடைநிலை, மீண்டும் சேர்த்தல். யாழ்ப்பாணத்து முறை இதற்கு அப்படியே பொருந்தும். பிள்ளையைத் தனிப் பாயில் இருத்தித் தனித் தட்டில் சாப்பாடு கொடுப்பது பிரித்தல். சிறுமியும் இல்லை, குமரும் இல்லை என்று இருக்கும் துடக்கு (தீட்டு) நாட்கள் இடைநிலை. உழுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை, கத்தரிக்காய் எல்லாம் அப்போது. பிறகு பால், அறுகு, காசு தலையில் வைத்து மாமி தண்ணி வார்ப்பதும், மாமன் தேங்காய் உடைப்பதும், துடக்குக் கழிக்க ஐயர் செய்யும் புண்ணியதானமும், சபையில் கொண்டுவந்து இருத்துவதும் சேர்த்தல். இனி இந்தப் பிள்ளையை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கூப்பிடுவது, அவள் முன்னால் எதைக் கதைக்கக் கூடாது என்று சபை பழகிக்கொள்வது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். பிள்ளை மாறுவதைவிட ஊர் மாறுவது அதிகம்.

பெக்கேஜ் விற்பது அந்தச் சேர்த்தலின் கடைசித் துண்டை. முன்னவை எல்லாம் பிளட்டுக்குள் சத்தமில்லாமல் முடிந்திருக்கும், பல வீடுகளில் ஒரு வருடத்துக்கு முன்பே. டொரொன்டோ மாமனின் லீவும், பள்ளிக்கூட விடுமுறையும், மண்டபத்துத் திகதியும் ஒன்றாக விழும்வரை விழா தள்ளிப்போகும். ஆகப் பிள்ளை இரண்டு முறை குமராகிறாள்: ஒருமுறை குளியலறையில், ஒருமுறை மேடையில். பற்றுச்சீட்டு இரண்டாவதற்கு மட்டும்.

ஒரு விஷயத்தில் இந்தச் சேவைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். மாற்றுத் துணி கொண்டுவருவது, வெள்ளைத் துணி கட்டுவது எல்லாம் ஊரில் கட்டாடி (சலவைத் தொழில் சாதி) வீட்டார் சாதிக் கடமையாகச் செய்யும் குடிமை வேலை. கொழும்பில் அதைப் பெக்கேஜ்காரரின் பெடியன்கள் ஏணி போட்டுச் செய்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகிறார்கள். யாருக்கு யார் ஊழியம் என்ற கேள்வி பற்றுச்சீட்டோடு முடிகிறது. அதற்காகச் சாதி மண்டபத்துக்கு வெளியே நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது அழைப்பிதழில் ஏறி உள்ளே வந்துவிடும். ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட’ என்ற வரி கார்ட் அடிக்கிறவருக்கு ஒரு டெம்ப்ளேட். வாங்கிப் படிக்கிற பெரியவர் ஊரின் பெயரையும் பேரனாரின் பெயரையும் வைத்து மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிடுவார். அந்த ஊரைப் பிள்ளை ஒருமுறைகூடக் கண்டிருக்கமாட்டாள். ஆனால் அன்றையிலிருந்து அவள் அந்த ஊராள்.

இனி ஒவ்வொன்றாக. மேக்கப்தான் பெரிய பிழை நடக்கும் இடம். கல்யாணப் பொம்பிளைக்குப் போடுகிற அதே கை, அதே பெட்டி, அதே அளவு. பன்னிரண்டு வயதுத் தோலுக்கு அது தேவையில்லை. பிள்ளையின் நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய பவுண்டேஷன் போடுவது இங்கே வழமை. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி போட்ட கை இன்னொரு நிறம். சரியாகச் செய்வதென்றால், கடைக் குழல் விளக்கின் கீழ் அல்ல, யன்னல் வெளிச்சத்தில் தாடை எலும்பு ஓரம் மூன்று நிறத்தில் கோடு இழுத்துப் பார்த்து, தோலோடு கலந்து காணாமல் போகிற கோட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒரு கிழமைக்கு முன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணிமை ஒட்டும் பசைக்கும் இதே சோதனை. கடைசியில் தட்டும் பவுடரில் சிலிக்கா அதிகமென்றால் பிளாஷ் அடிக்கும்போது கண்ணின் கீழ் வெள்ளைத் திட்டுத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் அது தெரியாது. ட்ரயல் அன்றே பிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள்.

இதில் அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று எண்ணிக்கொள்கிறோமோ அதிலிருந்துதான் ‘நான்’ என்பது உருவாகிறது என்று சமூகவியலாளர் சார்ல்ஸ் கூலி 1902இல் சொன்னார். அதற்கு அவர் வைத்த உவமை முகம் பார்க்கும் கண்ணாடி. பெக்கேஜ் அல்பம் விரித்தால் 12க்கு 36 அங்குலம், நாற்பது பக்கம். அந்த நாற்பது பக்கத்திலும் இருப்பவள் பிள்ளையைவிட வெள்ளை. சபை ‘என்ன வடிவு!’ என்று சொல்வதும் அவளைப் பார்த்துத்தான். எடிட்டிங்கில் தோல் நிறத்தைத் தொட வேண்டாம் என்று ஓடரில் எழுதலாம். எழுதாவிட்டால் ஸ்டூடியோவின் வழமை தொடுவதுதான்.

சேலையில் கணக்கு எளிது. காஞ்சிபுரத்தின் அகலம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். 145 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து நிலம் வரை 90க்குக் கிட்டத்தான். மிச்சம் ஒரு சாணுக்கு மேல். அதை அப்படியே இடுப்பில் செருகினால் வயிறு பானைபோல் தெரியும், அரை மணித்தியாலத்தில் கொசுவம் இறங்கும், பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல்நாளே மேல் ஓரத்தை உட்பக்கம் மடித்துப் பெரிய தையலாக ஓடவிட்டு, கொசுவத்தையும் எடுத்துத் தைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் கட்டலாம். பிறகு நூலை உருவினால் சேலைக்கு ஒன்றும் ஆகாது. கேட்டால் செய்து தருவார்கள், தாங்களாகச் சொல்லமாட்டார்கள். பாவாடை தாவணி இன்னும் நல்லது, ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் மாமிமார் குறைவு. பொய்ச்சடையும் சடைநாகமும் சேர்ந்தால் கழுத்தை இழுக்கும், இரண்டு மணித்தியாலத்தில் தலையிடி. பூச்சடை மட்டும் போதும். லிப்ஸ்டிக் போடுவதற்கு முன் பிள்ளைக்கு இடியப்பமோ பாணோ கொடுத்துவிடுங்கள். விடிய நாலு மணிக்கு எழுப்பிய பிள்ளை பதினொரு மணிக்கு மேடையில் மயங்கினால் வீடியோக்காரர் அதையும் எடுப்பார்.

யாரும் கேட்காத ஒரு கேள்வி: விழா நாளன்று பிள்ளைக்கு மாதவிலக்கு வந்தால்? முதல் ஓரிரு வருடத்துக்கு அது ஒழுங்காக வராது, ஆகவே கணக்குப் பார்த்துத் திகதி வைப்பதெல்லாம் பலிக்காது. முற்பணம் திரும்பாது, மண்டபம் மாறாது. வீட்டார் வாயை மூடிக்கொண்டு நடத்திவிடுகிறார்கள். எதைக் கொண்டாட மண்டபம் எடுத்தார்களோ அதையே மண்டபத்தில் மறைக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்குவது எவ்வளவு கூத்து! குறைந்தது உடுத்தும் அறையோடு சேர்ந்த கழிப்பறை உள்ள மண்டபமாகப் பாருங்கள். தைத்த சேலை இங்கேயும் உதவும்: அவிழ்த்துக் கட்ட ஆள் தேடத் தேவையில்லை.

நிறைகுடத்தைப் பெக்கேஜ்காரர் வைத்தால் ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். தங்கநிறம் அடித்த பிளாஸ்டிக் தேங்காய், துணி மாவிலை, குடத்துக்குள் தண்ணீர் இல்லை. தூரத்திலிருந்து குறை தெரியாது. ஆனால் தலைவாழை இலையில் நெல் பரப்பி, தண்ணீர் நிறைத்து, ஐந்து மாவிலை செருகி, முடித் தேங்காய் வைப்பது பத்து நிமிட வேலை. வீட்டிலிருந்து ஒரு பெரியம்மா வந்து வைத்தால் பக்கத்தில் நிற்கும் நாலு பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். பழக்கவழக்கம் கைமாறுவது இப்படியான பத்து நிமிடங்களில்தான். வாடகைக்கு எடுத்தால் பார்த்துப் பழக ஒன்றுமில்லை.

ஆராத்தியில் மண்டபத்துச் சட்டம் குறுக்கிடும். வாழைப்பழத் துண்டில் குத்திய எண்ணெய்த் திரியைப் பல ஹோட்டல் ஹோல்கள் விடுகின்றன. கற்பூரத்தை விடுவதில்லை, புகை உணர்கருவி கத்தும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணி கார்பெட்டில் சிந்தினால் துப்புரவுக் கட்டணம் வரும். தட்டின் கீழ் அகலமான தாம்பாளம் ஒன்று பிடிக்க ஓர் ஆளை நிறுத்தலாம். தேங்காய் உடைக்க இடம் உண்டா என்பதையும் முற்பணம் கட்ட முன்னர் கேளுங்கள். சாப்பாட்டு ஆள்கணக்கைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வதே லாபம்: உறுதிசெய்த சாப்பாட்டுத் தட்டுக்கு ஆள் வராவிட்டாலும் காசு கட்ட வேண்டும்.

மாமனுக்கு நிகழ்ச்சி நிரலில் ‘என்ட்ரி’ என்று நாலு நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள், பாட்டோடு. மாமன் நடந்து வருவார், புகை வரும், பொறி பறக்கும், முடிந்தது. தாய்வழிச் சொந்தம் இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று சபையில் சொல்கிற கட்டம் இது. அதை வாசலில் இருந்து மேடைவரை நடக்கிற நடையாக்கிவிட்டார்கள். அறுகும் பாலும் வைப்பதையாவது மேடையில் கேட்டு வாங்குங்கள், ஒரு கிண்ணமும் துவாயும் போதும். மாமன் வர முடியாமல் டப்லெட்டில் தோன்றினால், அதைப் பிடித்து நிற்க ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை முதலே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கமராக்காரரின் உதவியாள் பிடித்துக்கொண்டு நிற்பார், அல்பத்தில் அவரும் இருப்பார்.

ஒரே அச்சு என்று முதலில் சொன்ன குறை இங்கேதான் உறைக்கிறது. கொழும்பில் தமிழர் என்றால் ஒரே முறைக்காரர் இல்லை. மட்டக்களப்பாருக்குப் பெண்கள் போடும் குரவை ஒலி வேண்டும். டிஜேயை நிறுத்தச் சொல்லாவிட்டால் குரவை கேட்காது. மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் இருக்கும் குடும்பங்களுக்குத் தாய்மாமன் பச்சை ஓலையில் கட்டும் குடிசையும் அவர் கொண்டுவரும் சீரும்தான் விழாவே. கடையில் கேட்டால் போமில் வெட்டிய குடிசை ஒன்றைக் காட்டுவார்கள். பச்சை ஓலைதான் வேண்டும் என்று நில்லுங்கள். முதல்நாள் பின்னேரம் பின்னி, ஈரச் சாக்கால் மூடி வைத்து, காலையில் கட்டினால் ஏசியிலும் மத்தியானம் வரை தாங்கும். கடைக்காரருக்கு எல்லாரும் ‘தமிழ் சாமத்திய வீடு’ என்ற ஒரே கோப்பு. பத்து வருடத்தில் எல்லா அல்பமும் ஒன்றாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை.

போட்டோ, வீடியோ வேலைத்தரம் நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை பிறகு. விளம்பரத்துக்காக ஸ்டூடியோ தன் பேஸ்புக், யூடியூப் பக்கத்தில் ஏற்றும். பள்ளிக்கூடத்தில் அது கையடக்கத் தொலைபேசிகளில் சுற்றும், மற்ற பிள்ளைகளுக்கு அது பகிடி. வீட்டாரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எடிட் செய்யாத படங்களையும் ஹார்ட் டிஸ்க்கில் கேளுங்கள், அல்பம் தரும் திகதியையும் எழுதச் சொல்லுங்கள்.

முடிவு கேட்டால்: மேடை, விளக்கு, போட்டோ ஆகியவற்றுக்கு இவர்களிடம் தாராளமாகப் போகலாம். மேக்கப்பைத் தனியாக, சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பழகியவரிடம் கொடுக்க வேண்டும். நிறைகுடத்தையும் மாமன் வேலையையும் வீட்டார் தங்கள் கையிலேயே வைத்திருக்க வேண்டும். ஓடர் படிவத்தில் மேடை நிறம், பூ நிறம், கேக் எத்தனை கிலோ, என்ட்ரிப் பாட்டு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆரைக் கூப்பிடலாம், எந்தப் படத்தை அல்பத்தில் போடலாம், முழு விழாவும் வேண்டுமா என்று பிள்ளையிடம் கேட்டு நிரப்பக் கட்டம் எதுவும் இல்லை. படிவத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அவள் சொல்வதை அங்கே எழுதி, கடைக்காரரின் கையெழுத்தை அதன் கீழும் வாங்கிவிடுங்கள்.