மலைப்பாம்புக் குட்டியா, மண்ணுளியா? புள்ளியை விட்டுவிட்டு வாலடியைப் பாருங்கள்

சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துப் பனங்காட்டு மணலில் தடித்த, திட்டுத்திட்டான குட்டைப் பாம்பு ஒன்று தெரிந்தால், ஒருவர் மலைப்பாம்புக் குட்டி என்பார், இன்னொருவர் கண்ணாடி விரியன் என்று கம்பை எடுப்பார். பல நேரம் அது இரண்டுமே இல்லை. சொரசொரப்பான மண்ணுளி, அதாவது போவா வகை. வீணாக அடிபட்டுச் சாகிற பாம்பு.

மலைப்பாம்பையும் போவாவையும் ஒரே குடும்பத்தில் வைப்பதா, பிரிப்பதா? பழைய முறை ஒன்றாக வைத்தது. இரண்டும் இரையைச் சுற்றி நெரிக்கும். இரண்டுக்கும் கழிவாய் அருகே பின்னங்காலின் மிச்சமாகச் சிறு நகம் உண்டு. ஆனால் அந்த நகம் பழங்கால மூதாதையிடமிருந்து வந்த சொத்து. அதை இருவரும் தொலைக்கவில்லை என்பதால் மட்டும் நெருங்கிய உறவாகிவிடாது. மரபணு ஆய்வுகளின்படி மலைப்பாம்புக்கு நெருங்கிய சொந்தம் தென்கிழக்கு ஆசியாவின் மினுமினுக்கும் சூரியஒளிப் பாம்பும், மெக்சிகோ பக்கத்து மண் தோண்டும் பாம்பு ஒன்றும்தான். ஆகவே தனிக் குடும்பம் என்பதே சரி. மண்ணுளிகளை 2014-இல் தனிக் குடும்பமாக உயர்த்தினார்கள்; சிலர் இன்னும் போவாவின் துணைக்குடும்பமாகவே வைக்கிறார்கள். அது படிநிலைச் சண்டை, பெரிய விஷயமில்லை.

நம்மூரின் இன்னொரு மண்ணுளியான இருதலை மணியனுக்கு 1801-இல் 'போவா ஜானியை' என்று பெயரிட்டவர் பாட்ரிக் ரஸ்ஸல். அந்த 'ஜான்' நம் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான்.

மலைப்பாம்பு முட்டையிடும், தாய் அதைச் சுற்றிக்கொண்டு, தசையை நடுக்கிச் சூடேற்றும். நம்மூர் மண்ணுளி குட்டி போடும். இதையே விதியாகப் பிடித்துக்கொண்டால் அரேபிய மண்ணுளியிடம் தோற்றுப்போவோம்; அது முட்டையிடுகிறது. எலும்பு இன்னும் உறுதி: மலைப்பாம்புக்குக் கண்ணுக்கு மேல் ஒரு தனி எலும்பு உண்டு, போவாவுக்கு இல்லை. ஆனால் மண்டையோடு கையில் இருந்தால்தானே! உதட்டில் வெப்பம் உணரும் குழிகள் மலைப்பாம்புக்குச் செதிலின் மேலேயே இருக்கும். குழியுள்ள போவாக்களுக்குச் செதில்களுக்கு இடையில். மண்ணுளிக்குக் குழியே கிடையாது.

நடைமுறைக்கு உதவுவது பாம்பு உரித்துப்போட்ட சட்டை. உயிருள்ள பாம்பைப் புரட்ட வேண்டாம். காய்ந்த சட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பக்கம் மேலே வருமாறு செய்தித்தாளில் விரியுங்கள். முதலில் வயிற்றுச் செதிலின் அகலம். விரியனுக்கு அது பட்டை பட்டையாக வயிறு முழுக்க ஓடும். மலைப்பாம்புக்கும் மண்ணுளிக்கும் குறுகல். இரு ஓரத்திலும் பொடிச்செதில் எட்டிப் பார்க்கும். அதற்கப்புறம்தான் கழிவாய்க்குப் பின்னால் வாலடி, அதாவது வாலின் அடிப்பக்கச் செதில்கள்: மலைப்பாம்புக்குப் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக, மண்ணுளிக்கு ஒற்றையாக. இந்த வரிசையை மாற்றினால் ஏமாறுவீர்கள். கண்ணாடி விரியனுக்கும் வாலடி ஜோடிதான். இந்த மணலில் திரியும் சுருட்டை விரியனுக்கு ஒற்றைதான்.

தலைச் செதிலை நம்பாதீர்கள். 'தலையில் பொடிச்செதில் என்றால் விரியன்' என்ற கணக்கு சொரசொரப்பு மண்ணுளியிடம் பொய்த்துவிடும், அதற்கும் பொடிச்செதில்தான். அதன் முதுகுச் செதிலில் மேடு உண்டு, வால் பக்கம் உப்புத்தாள் போல உரசும். மலைப்பாம்பின் செதில் வழவழப்பு. சட்டை பெரும்பாலும் உள்புறம் வெளியே திரும்பியிருக்கும் என்பதால் மேடு இருக்கும் இடம் பள்ளமாகத் தெரியும். உரியும்போது அது இழுபடுவதால் பாம்பைவிட நீளமாகவும் இருக்கும். அதை அளந்து பாம்பின் நீளத்தைச் சொல்லாதீர்கள்.

தூரத்திலிருந்து பார்க்கையில் கழுத்தும் வாலும் போதும். கண்ணாடி விரியனுக்கு முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து, முதுகில் சங்கிலி போல வரிசையான முட்டைவடிவப் புள்ளிகள். மண்ணுளிக்குக் கழுத்தே தெரியாது. திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒட்டிக்கிடக்கும், வால் வெட்டிவிட்டது போல் குட்டை. சந்தேகம் தீராவிட்டால் விரியன் என்றே வைத்து விலகி நில்லுங்கள். கடித்துவிட்டால் பாம்பின் பெயரைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.