ரயில் அக்கரையில், வேலை இக்கரையில்: வேலூரில் எங்கே நெருங்கி வாழ்வது?

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். கோயில் விஷயம் 1981-ல் சரியாகிவிட்டது. ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் மீண்டும் வந்துவிட்டார். பாலாற்றிலும் சில ஆண்டுகளில் வெள்ளம் புரளுகிறது. அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத குறை ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ரயிலில் வருகிறவர்களில் பெரும்பாலோர் காட்பாடியில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வேலூருக்குள் நுழைய வேண்டும்.

சென்ற மாதம் என் மைத்துனர் வீடு வாங்கும் யோசனையோடு வந்தார். கையில் மூன்று இடங்கள். காட்பாடி ரயில் நிலையத்துக்கு அருகில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நகருக்குள் வேலப்பாடியில் ஒரு பழைய வீடு. சத்துவாச்சாரியைத் தாண்டி, ரத்தினகிரிக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு மனை. அவருக்கு ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, கம்பெனி பஸ் உண்டு. அவர் மனைவியான என் தங்கைக்கு சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதும் வேலை. “மாமா, மூன்றில் எது?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை விட, இந்த மூன்றில் எதன் அருகே வீடுகளும் வேலைகளும் நெருங்கினால் ஊருக்கு நல்லது என்ற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

போக்குவரத்தை ஒட்டிய நகர வளர்ச்சிக்காக மத்திய அரசு 2017-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில், அதாவது 500 முதல் 800 மீட்டருக்குள், குடியிருப்பும் வேலையும் அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊரில் இதைப் பாதியாகத்தான் படிக்கிறார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி எழுந்தால் போதும், மக்கள் ரயில் ஏறிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. நான் ஆறு ஆண்டுகள் காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன். தூரம் 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். என் வீடு நிலையத்துக்கு அருகில் இல்லை. விடியற்காலையில் ஸ்கூட்டரை நிலையத்தில் நிறுத்திவிட்டு ஏறுவேன். ஆனால் அலுவலகம் சென்ட்ரலிலிருந்து பத்து நிமிட நடை. அதனால்தான் ஆறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தேன். என்னோடு வந்துகொண்டிருந்த நண்பரின் வீடு நிலையத்தை ஒட்டியே இருந்தது. அவருடைய அலுவலகத்தைப் பழைய மாமல்லபுரம் சாலைக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் ரயிலை விட்டுவிட்டு வேளச்சேரியில் வாடகைக்குக் குடியேறினார்.

வீட்டு முனையில் நமக்கு வண்டி இருக்கிறது, கொண்டுவந்து விட மகன் இருக்கிறான். வேலை முனையில் காலை ஒன்பது மணிக்கு இறங்கி நிற்கும்போது இரண்டு கால்கள்தான் இருக்கின்றன. ஆகவே நிலையத்தருகே வீடா வேலையா, ஒன்றுதான் முடியும் என்றால் நான் வேலையைத்தான் வைப்பேன். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தே போகலாம். ஒரகடத்தில் அதைவிடப் பெரிய தொழிற்சாலைகள் வந்தும் ரயில் இல்லாததால் எல்லாமே கம்பெனி பஸ்தான். இங்கே ஆம்பூரைப் பாருங்கள்: ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஊரும் தோல் தொழிலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. எந்தக் கொள்கையும் எழுதப்படாத காலத்தில் தானாக அமைந்தது அது.

இந்தக் கண்ணோடு காட்பாடியைப் பார்த்தால் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரியும். சென்னை, பெங்களூர், திருப்பதி, விழுப்புரம் என்று நான்கு பக்கமும் பாதை பிரிகிற சந்திப்பு. நிலையத்தைப் புதுப்பிக்க 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆனால் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பெரிய வேலையிடம் என்று எதைக் காட்டுவது? வி.ஐ.டி. பல்கலைக்கழகம் திருவலம் சாலையில் தள்ளி இருக்கிறது. அதன் மாணவர்கள் பெரும்பாலோர் விடுதியில் தங்குபவர்கள், ரயில் ஏறுவது விடுமுறைக்குத்தான். அங்கே அடுக்குமாடி கட்டினால் அது சென்னையில் வேலை பார்ப்பவர் தூங்குவதற்கான ஊராகும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வேலூரில் வேலை பார்ப்பவருக்கு அங்கே வீடு வாங்குவதால் கிடைப்பது பாலாற்றுப் பாலத்தின் நெரிசல் மட்டுமே.

நகரத்தின் உள்பகுதிக்கு வருவோம். அலசலில் எனக்கு ருசியான பகுதி இதுதான். வேலூரின் உண்மையான பொதுப் போக்குவரத்து ரயில் அல்ல, ஒன்றாம் எண், இரண்டாம் எண் டவுன் பஸ்கள். காட்பாடியில் கிளம்பி, விருதம்பட்டு, பாலம், புதிய பஸ் நிலையம், சி.எம்.சி., கோட்டை எதிரே பழைய பஸ் நிலையம், தொரப்பாடி வழியாகப் பாகாயத்தில் முடிகிற ஒற்றைக்கோடு. ஊரின் பெரிய வேலையிடங்களை ஒரு நூலில் கோத்ததுபோல அந்தத் தடம் போகிறது. 1900-ல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இன்று ஒரு நகரமே பிழைக்கிறது: பரிசோதனைக் கூடங்கள், மருந்துக் கடைகள், உணவகங்கள், வங்காளிச் சாப்பாட்டுக் கடைகள். அடர்த்தி என்றால் இதுதான் அடர்த்தி, எவரும் திட்டம் போடாமலே.

ஆனால் யாருடைய அடர்த்தி? சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜுகளாகின்றன. மாத வாடகைக்குக் குடித்தனம் வைப்பதைவிட, கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது வீட்டுக்காரருக்கு லாபம். அதே லாட்ஜில் தரை துடைக்கும் பெண் எங்கோ அல்லாபுரத்திலிருந்தோ ஓட்டேரியிலிருந்தோ வருகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தப் பயணம் அவருக்குக் கட்டுப்படியாகிறது. புறநகர் பஸ்களில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு குடும்பம் எந்தத் தடத்தில் குடியேறுகிறது என்பது அதன் மாதச் செலவை எப்படி மாற்றும் என்பதை மனை விற்பவர்கள் சொல்வதே இல்லை. வேலப்பாடியிலிருந்தோ சாயிநாதபுரத்திலிருந்தோ ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்விடலாம். குறை, பழைய வீடுகள், குறுகிய சந்துகள், காரை எங்கே நிறுத்துவது என்ற அன்றாடச் சண்டை.

மூன்றாவது இடமான நெடுஞ்சாலைதான் இன்று ஜெயித்துக்கொண்டிருக்கிறது. கலெக்டர் அலுவலகமும் நீதிமன்றமும் சத்துவாச்சாரியில். சி.எம்.சி.யின் புதிய வளாகம் ரத்தினகிரிக்கருகே. மென்பொருள் நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா எதிர்த்திசையில் மேல்மொணவூரில். எல்லாம் சாலையோரம், எதுவும் ரயிலோரம் இல்லை. ஏன்? நிலம் மலிவு என்பார்கள், அது உண்மைதான். கட்டட விதியிலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்கு தளம் கட்டலாம். உயரமான கட்டடத்துக்கு 3.25 வரை. ஆனால் அந்த 3.25 முழுமையாகக் கிடைக்க எதிரே 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைய வேண்டுமே, விதி நியாயமானதுதான். விளைவு மட்டும் விபரீதம்: பஸ் ஓடுகிற பழைய தெருவில் உயரம் மறுக்கப்படுகிறது, பஸ் நிற்காமல் பறக்கிற நெடுஞ்சாலையில் உயரம் பரிசாகக் கிடைக்கிறது. சாலையின் அகலத்தை அளக்கும் விதிக்கு, அந்தச் சாலையில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறது என்பது கண்ணில் படுவதில்லை.

நான்காவதாக ஒன்று உண்டு, மைத்துனரின் பட்டியலில் இல்லாதது. சூரியகுளத்தில் இருக்கிற வேலூர் கண்டோன்மென்ட் நிலையம். காட்பாடி – விழுப்புரம் பாதையில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம், ஊருக்குள்ளேயே. அகலப்பாதையாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்னைக் கடற்கரையிலிருந்து அதுவரை வந்துகொண்டிருந்த ரயில் 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை போகிறது. மற்றபடி நாளில் பெரும்பகுதி நடைமேடையில் ஆடு மேய்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். கலெக்டர் அலுவலகம் போல ஒன்றை இந்த நிலையத்தருகே கட்டியிருந்தால், திருவண்ணாமலை, ஆரணி ரோடு, போளூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் ஒரு பொருட்டாகியிருக்கும். வேலை வந்திருந்தால் ரயில் கேட்கும் குரலும் கூடியிருக்கும்.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது நம் பழைய வட ஆர்க்காட்டில்தான். அந்த நிலையத்தின் இன்றைய பெயர் வாலாஜா ரோடு. ஊர் அங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலைதான் அங்கே என்பதைப் பெயரே ஒப்புக்கொள்கிறது. சென்னை – காஞ்சிபுரம் – வேலூர் 140 கிலோமீட்டருக்கு மணிக்கு 160 கிலோமீட்டர் வேக ரயில் பற்றி 2025 மாநில பட்ஜெட்டில் சாத்தியக்கூறு ஆய்வு அறிவித்தார்கள். வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, அது வேலூரில் எந்த இடத்தில் நிற்கும் என்பதுதான். நெடுஞ்சாலையோர வெட்டவெளியில் நின்றால் இன்னொரு ‘வேலூர் ரோடு’ கிடைக்கும்.

என் வரிசை இது: வேலூரில் வேலை பார்ப்பவருக்கு ஒன்று, இரண்டு எண் பஸ் ஓடும் தடம்; சென்னைக்குப் போய்வருபவருக்குக் காட்பாடி; நெடுஞ்சாலை கடைசி. அரசு புதிதாக எதைக் கட்டினாலும் கண்டோன்மென்ட் முதலில். மைத்துனரிடமும் வேலப்பாடி என்றுதான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலை மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்குமாம். என் தங்கை இப்போது ஸ்கூட்டர் தவணைக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.