படுப்பதா, நடப்பதா, பள்ளிக்கூடம் போவதா: சிகிச்சைக் காலத்து வழமைகள், ஓர் ஒப்பீடு

புற்றுநோய் என்று தெரியவந்தால் யாழ்ப்பாணத்தில் இரண்டு கட்சி வந்துவிடும். ஒன்று, "ஒண்டும் செய்யாதை, பேசாமல் படு" என்னும். மற்றது, "ஒண்டும் நடக்காத மாதிரி இரு, மனம் சோரக் கூடாது" என்னும். மார்பகப் புற்றுநோய்க்கு எனக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் இரண்டு கட்சிக்காரரும் எங்கள் விறாந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். சத்திரசிகிச்சை, மருந்தேற்றல் (கீமோதெரபி), கதிர் சிகிச்சை என்று நீண்ட அந்தக் காலத்தில் இரு வழியையும், இடைப்பட்ட சிலவற்றையும் பார்த்தாகிவிட்டது. மருந்துகளைப் பற்றி எழுதவில்லை, அதை வைத்தியர் சொல்வார். நாளாந்த வேலையும் சிநேகிதமும் எந்த வழியில் தப்பிப் பிழைக்கின்றன என்பதுதான் இங்கே பேச்சு.

முழு லீவா, வழமைபோல வேலையா?

நான் ஆசிரியை. முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும்: நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு இந்தத் தெரிவே ஆடம்பரம். லீவு உள்ளவர்களுக்குத்தான் இது கேள்வி.

முழு லீவில் உடம்புக்கு நிம்மதி. ஆனால் காலையில் எழும்புவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரே முகம். வழமைபோல வேலைக்குப் போனால் மனத்துக்குத் தெம்பு, சம்பளமும் ஒழுங்காக வரும். ஆனால் உடம்பு இடையில் காலை வாரும்.

இரண்டு கட்சியும் கவனிக்காத ஒன்று, மருந்துக்கென்று ஒரு நாட்காட்டி இருப்பது. பலருக்கு மூன்று கிழமைக்கு ஒருதரம் மருந்தேற்றுவார்கள். முதல் சில நாள் குமட்டலும் சோர்வும். அதன் பிறகு, ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். பார்க்க ஓரளவு தெளிவாக இருப்போம், ஆனால் தொற்றுக்குக் கதவு திறந்து கிடக்கும் நாட்கள் அவை. மூன்றாம் கிழமை பழைய ஆள் திரும்பி வருவார். மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் இது மாறும், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கணக்கின் போக்கு இதுதான். எல்லா நாளும் வழமைபோல இருப்போம் என்பவர் முதல் கிழமையில் தோற்பார். எல்லா நாளும் படுத்திருப்போம் என்பவர் மூன்றாம் கிழமையை வீணாக்குவார்.

இருமலும் தடிமனுமாக நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறை இரண்டாம் கிழமைக்கு ஆகவே ஆகாது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு முழு லீவு எடுத்தேன். வீட்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு நடந்த கணக்கு வகுப்பை மூன்றாம் கிழமைகளில் மட்டும் விறாந்தையில் வைத்துக்கொண்டேன். இருமல் உள்ள பிள்ளை அன்று வரக்கூடாது என்பது ஒப்பந்தம். காசுக் கணக்கில் பார்த்தால் இது வீண்வேலை. ஆனால் முழு லீவையும் முழு வேலையையும்விட இதுவே கடைசிவரை தாக்குப்பிடித்தது. "ரீச்சர், போன மாசம் இந்தக் கணக்கை வேற மாதிரிச் செய்தீங்கள்" என்று ஒரு பெடியன் பிழை பிடித்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் எந்த ஆறுதல் வார்த்தையிலும் வந்ததில்லை.

படுக்கையா நடையா என்பதில் அலச அதிகம் இல்லை. இந்தச் சிகிச்சையின் களைப்பு படுத்தால் தீருகிற களைப்பு அல்ல. முடிந்த அளவு மிதமாக நடப்பது அதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. காய்ச்சல் உள்ளவர்களும், இரத்தத் தட்டுகள் குறைந்தவர்களும், எலும்பில் நோய் பரவியவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மற்றவர்கள் வெயில் ஏறமுன் ஒழுங்கை முனைவரை போய் வரலாம்.

தனிச் சமையலா, வீட்டுச் சமையலா?

தனிப் பத்தியம் என்றால் அம்மாவுக்கு இரண்டு அடுப்பு வேலை, எனக்கோ தனியே ஒரு கோப்பை. எல்லோரும் சாப்பிடும் கறி என்றால் யாழ்ப்பாணத்துத் தூள் உறைப்பு வாய்ப்புண்ணில் நெருப்பு. எங்கள் வீட்டில் எடுபட்டது மூன்றாவது வழி: கறிக்குத் தூள் போடமுன் எனக்கு ஒரு கிண்ணம் அள்ளி வைப்பது. புட்டு தொண்டையில் அடைக்கும், சொதியில் ஊறிய இடியப்பம் இறங்கும். வாயில் இரும்பு ருசி வரும் நாட்களில் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி உதவியது, வாய் புண்ணாக இல்லாவிட்டால் மட்டும். எல்லோருடனும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட முடிந்ததுதான் இதில் பெரிய வெற்றி. பப்பாசி இலைச் சாறு, வேறு மூலிகை என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைத்துவிட்டு, வைத்தியரைக் கேட்ட பிறகு பார்க்கலாம். சில மூலிகைகள் மருந்தோடு மோதும். கொண்டுவந்தவரின் முகமும் வாடாது.

வந்து பார்ப்பவர், போன் எடுப்பவர், செவ்வாய்க்கிழமைக்காரி

இங்கே வருத்தக்காரரைப் பார்க்கப் போவது ஒரு கடமை. சொல்லாமல், நாலு பேராக, மாரி பிஸ்கட்டும் நெஸ்டமோல்ட்டும் கொண்டு வருவார்கள். அன்பு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு ஒரு செலவு இருக்கிறது: நான் உடுப்பு மாற்ற வேண்டும், தலைக்குச் சால்வை தேட வேண்டும், அம்மா தேத்தண்ணி போட வேண்டும். அப்புறம் வந்தவர்களில் ஒருவராவது, இதே வருத்தத்தில் போய்ச் சேர்ந்த தன் மச்சாளின் கதையைத் தொடங்குவார். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போனில் இந்தச் செலவு இல்லை, தொற்றும் இல்லை. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் நேரம் உதைக்கும். கோடையில் ரொறன்ரோவில் இரவு 8 மணி என்றால் இங்கே விடியப்புறம் 5.30. மருந்தேற்றிய நாட்களில் அது பிழையில்லை. குமட்டலுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் ஸ்டீரொய்ட் நித்திரையைக் கலைத்துவிடும், நானும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், தங்கச்சியின் போன் வரம்தான். அதே போன் பத்தாம் நாள் வந்தால் உபத்திரவம். அழைப்பைவிட வாட்ஸ்அப் குரற்பதிவு மேல் என்பது என் கட்சி. அவளும் ஆறுதலாகப் பேசலாம், நானும் இயலும்போது கேட்கலாம், பதில் சொல்லாவிட்டால் கோபம் இல்லை.

இரண்டையும் வென்றவள் என்னோடு படிப்பித்த சிநேகிதி. செவ்வாய்க்கிழமை பின்நேரம் திருநெல்வேலிச் சந்தையால் வரும் வழியில் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு விறாந்தையில் இருப்பாள். உள்ளே வரமாட்டாள், தேத்தண்ணியும் வேண்டாம். சந்தைப் பையிலிருந்து முருங்கைக் கொத்தை எடுத்துச் சுளகில் போட்டு, பாதியை என் பக்கம் தள்ளுவாள். இருவரும் இலை ஆய்வோம். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "எடி, நான் உன்ரை வருத்தத்தைப் பற்றிக் கதைக்க வரேல்லை. அதிபரைப் பற்றிக் கதைக்க வந்தனான்." இலை முடிந்ததும் கிளம்பிவிடுவாள். நேரமும் வேலையும் எல்லையும் உள்ள சந்திப்பு அது. மருந்தால் என் விரல் நுனி விறைத்துக் காம்பு பிடிபடாத நாட்களில் அவள் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் கூடுதலாக ஆய்வாள். ஒரு செவ்வாய் வரவில்லை. "மகனுக்குத் தடிமன், இந்தக் கிழமை வரமாட்டன்" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும். வந்த நாட்களுக்குச் சமமாக அந்த வராத நாளையும் மதிக்கிறேன். இரண்டாம் கிழமையில் உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸுக்குப் போனால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்க முடியாது, இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரிதான். தடிமனோடு வரும் பாசத்தின் விலை அது.

எல்லோருக்கும் சொல்வதா, மறைப்பதா? மறைத்தால் கேள்வி இல்லை, ஆனால் தலைமயிர் இரண்டு மூன்று கிழமையில் கொட்டும்போது ஊர் தானே கதை எழுதிக்கொள்ளும். எல்லோருக்கும் சொன்னால் ஒரே கதையை முப்பது தரம் சொல்லிக் களைப்போம். நான் அண்ணியைப் பேச்சாளராக்கினேன், விசாரிப்பவர்களை அவரிடம் அனுப்பினேன். அண்ணிக்குக் கதைக்க விருப்பம், எனக்கு இல்லை. இருவருக்கும் லாபம்.

கதிர் சிகிச்சை தொடங்கியதும் வேறொரு பிரச்சினை: பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கி ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் உடம்பில் கதிர் எதுவும் தங்காது, பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் குடித்தவர்கள்தான் சில நாள் விலகியிருக்க வேண்டும். இதை நான் விளக்கியதைவிடத் தாதி ஒருவர் விளக்கியது வேகமாக எடுபட்டது.

தெல்லிப்பழையா, மகரகமவா?

இது பெரும்பாலும் நம் கையில் இல்லாத தெரிவு. ஆனால் வழமைகளைத் தீர்மானிப்பதில் இதற்கே முதலிடம். முன்பு வடக்கிலிருந்து பலர் 400 கிலோமீற்றர் அளவு தாண்டி, கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போனார்கள். அங்கே அனுபவமும் வசதியும் அதிகம், சில சிகிச்சைகளுக்கு இன்றும் போகத்தான் வேண்டும். ஆனால் இரவு பஸ், வாடகை அறை, தெரியாத மொழி, கூட ஒரு ஆள். செவ்வாய்க்கிழமைக்காரி அங்கே வரமுடியாது. 2011இல் தெற்கு முனையான தெவிநுவரவிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்து, யாழ்ப்பாணத்திலேயே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டினார்கள். அந்த நடையின் பலனை நான் கட்டடத்தில் பார்க்கவில்லை, மருந்தேற்றிவிட்டு அன்று பின்னேரமே காங்கேசன்துறை வீதியால் ஓட்டோவில் வந்து என் கட்டிலில் படுத்ததில் பார்த்தேன். கதிர் சிகிச்சை பொதுவாகக் கிழமையில் ஐந்து நாள், பல கிழமை. இயந்திரத்தின் கீழ் சில நிமிடம், மிச்சமெல்லாம் பயணமும் காத்திருப்பும். இரண்டு இடத்திலும் அதே சிகிச்சை கிடைக்குமென்றால் வீட்டுக்கு அருகே என்பதுதான் என் வோட்டு. கிடைக்காதென்றால் யோசிக்காமல் மகரகம.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். தேர் இல்லாமல் என்ன திருவிழா என்று அம்மா கேட்டார். தேருக்கு வரும் சனத்துக்குள் வெள்ளை அணு குறைந்த ஒருவர் நிற்க முடியாது. திருவிழா முடிந்த பின் ஒரு சாதாரண நாள் காலையில் போய் வந்தோம். நெரிசல் இல்லை, நின்று கும்பிட இடம் இருந்தது. தேரைத் தொலைக்காட்சியில் பார்த்தது சப்பென்றுதான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

கடைசியாக, சிகிச்சை முடிந்த பிறகு வரும் தெரிவு. சனம் எல்லாம் சரி என்று நினைத்து வருவதை நிறுத்திவிடும், களைப்போ மாதக்கணக்கில் நிற்கும். உடனே முழு நேர வேலைக்குத் திரும்பினால் முதல் தவணையிலேயே லீவுக் கடிதம் எழுதவேண்டி வரும். குறைந்த பாடவேளையோடு தொடங்கிக் கூட்டுவது நல்லது. இந்த ஒழுங்கை வைத்தியரின் கடிதத்தோடு, புதிய நேரசூசி போடமுன் அதிபரிடம் கேட்க வேண்டும். நேரசூசி போட்ட பிறகு கேட்டால் எந்த அதிபருக்கும் தலையிடி.